பிளக்கைக் கழற்றி வைத்த டிவி இடியில் எப்படிப் போனது?

கடையநல்லூர் வாசகன் — அக்டோபர் 14, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். சென்ற வியாழன் மாலை எங்கள் ஊரில் பெய்த புரட்டாசி மழையில், வீட்டின் கிழக்கு வேலியோரம் நின்ற தென்னையில் இடி விழுந்தது. மரத்துக்கும் வீட்டுச் சுவருக்கும் இடையே இருபது மீட்டர் தொலைவு இருக்கும். வீட்டில் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. ஆனால் டிவி, செட்டாப் பாக்ஸ், இன்டர்நெட் மோடம் ஆகிய மூன்றும் ஒரே நொடியில் செயலிழந்துவிட்டன.

என்னைக் குழப்புவது இதுதான். மேகம் கறுத்ததுமே டிவியின் பிளக்கை நானே கழற்றித் தரையில் போட்டிருந்தேன். செட்டாப் பாக்ஸையும் மோடத்தையும் மட்டும் கழற்றவில்லை. பிளக்கில் இருந்த மோடம் போனதை ஏற்றுக்கொள்ளலாம், கரண்ட்டே இல்லாத டிவி எப்படிப் போகும்? இதற்கு நேர்மாறாக, பதினைந்து ஆண்டுப் பழைய குளிர்சாதனப் பெட்டி ஸ்டெபிலைசரோடு ஓடிக்கொண்டே இருந்தது, அதற்கு எந்தக் குறையும் இல்லை. அப்படியானால் எல்லாவற்றுக்கும் ஸ்டெபிலைசர் மாட்டிவிடுவதுதான் வழியா? மெயின் போர்டில் எம்சிபியும் ஆர்சிசிபியும் உள்ளன. இரண்டுமே அன்று ட்ரிப் ஆகவில்லை.

மேற்கு மாம்பலம் — அக்டோபர் 14, இரவு 10.15

இடி இடிக்கும்போது மெயின் சுவிட்சை இறக்கிவிட்டால் வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் முப்பது ஆண்டுகளாக இதைத்தான் செய்கிறோம், இதுவரை ஒரு பொருளும் போனதில்லை.

நெல்லை வயர்மேன் — அக்டோபர் 15, காலை 6.50

மாம்பலத்து நண்பர் கோபிக்க வேண்டாம். நகரத்தில் நெருக்கமாக நிற்கும் கட்டடங்களுக்கு நடுவே, தரைக்கடியில் கேபிள் ஓடும் தெருவில் முப்பது ஆண்டுகள் ஒன்றும் ஆகாமல் இருப்பது வியப்பில்லை. வயலுக்கு நடுவே கம்பத்திலிருந்து சர்வீஸ் வயர் இழுத்த வீடுகளில் நான் பார்ப்பது வேறு. ஒற்றைத் துருவ எம்சிபியை இறக்கினால் ஃபேஸ் மட்டுமே துண்டிக்கப்படுகிறது, நியூட்ரல் அப்படியே உள்ளே வந்துகொண்டிருக்கிறது. இரட்டைத் துருவ சுவிட்சாகவே இருந்தாலும், அதன் உள்ளே திறந்து நிற்கும் தொடுமுனைகளுக்கு நடுவில் சில மில்லிமீட்டர் இடைவெளிதான். ஒரு மில்லிமீட்டர் காற்றைத் தாண்ட ஏறத்தாழ 3000 வோல்ட் போதும். மேகத்திலிருந்து மண் வரை தாண்டி வந்ததற்கு அது ஒரு தடையே இல்லை.

வாசகன் தம்பி, எம்சிபி கூடுதல் ஆம்பியரையும் ஷார்ட்டையும் பார்க்கும். ஆர்சிசிபி மனித உயிருக்கானது, 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் இறங்கும். இரண்டும் மில்லி நொடிக் கணக்கில் வேலை செய்பவை. மின்னல் அலை உச்சத்தை எட்டுவது மைக்ரோ நொடிக் கணக்கில், அதாவது கதவைச் சாத்த எழுந்திருப்பதற்குள் திருடன் வந்து போய்விடுகிறான். ஸ்டெபிலைசருக்கும் இதே கதைதான், அதனுள் இருக்கும் ரிலே அந்த வேகத்துக்கு அசையக்கூடச் செய்யாது. உங்கள் பழைய குளிர்சாதனப் பெட்டி பிழைத்ததற்குக் காரணம், அதற்குள் கம்ப்ரசரும் தெர்மோஸ்டாட்டும்தான் இருக்கின்றன, சுடுபட்டுப் போக மின்னணுப் பலகை எதுவும் இல்லை. இன்னொரு காரணம், அதற்குள் நுழையும் வயர் ஒன்றே ஒன்று.

இந்த இரண்டாவது காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். உங்கள் டிவிக்குள் எத்தனை வயர்கள் நுழைந்தன என்று எண்ணிச் சொல்ல முடியுமா? மின்சார வயரை மட்டும் அல்ல, எல்லாவற்றையும் எண்ணுங்கள்.

கடையநல்லூர் வாசகன் — அக்டோபர் 15, காலை 8.05

அண்ணாச்சி, எண்ணிப் பார்த்தேன். கழற்றிய பிளக் போக இரண்டு வயர்கள். செட்டாப் பாக்ஸிலிருந்து வரும் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று. அடுத்த அறையில் இருக்கும் மோடத்திலிருந்து சுவரோரமாக நான் இழுத்த லேன் கேபிள் ஒன்று. வைஃபை அடிக்கடி நின்று நின்று வந்ததால் சென்ற ஆண்டு அந்தக் கேபிளைப் போட்டேன்.

போர்டு வைத்தியர் — அக்டோபர் 15, காலை 10.30

நான் டிவி, வாஷிங் மெஷின் பலகைகள் பழுது பார்ப்பவன். பின் மூடியைக் கழற்றினால், எச்டிஎம்ஐ துளைக்கு அருகிலும் லேன் துளைக்கு அருகிலும் பச்சைப் பலகையில் புகைக்கறை போன்ற கருப்புத் தடம் இருக்கும் என்று பார்க்காமலேயே சொல்கிறேன். பவர் பலகை அநேகமாக நன்றாகவே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் என் மேசைக்கு வரும் டிவிகளில் பாதிக்கு மேல் இந்த வகைதான். கரண்ட் வந்த வழியாக அடி வாங்கியவற்றில் அடையாளமே வேறு. பவர் பலகையில் ஃபியூசுக்குப் பக்கத்தில், பொட்டுக்கடலை அளவில், மிகை வோல்டேஜைத் தன் மேல் வாங்கிக்கொள்ளும் நீல நிற வில்லை ஒன்று இருக்கும். அது வெடித்துப் பிளந்து, சுற்றிலும் கரி தெறித்திருக்கும். கருகிய மீன் போன்ற அந்த வாடை கடை முழுக்க இரண்டு நாள் நிற்கும்.

கடையநல்லூர் வாசகன் — அக்டோபர் 15, மாலை 6.20

இன்று மெக்கானிக்கை வரவழைத்து மூடியைத் திறந்து பார்த்தோம். நீங்கள் சொன்னது அப்படியே இருந்தது. லேன் துளைக்குப் பின்னால் உள்ள சிறு கருப்புப் பெட்டியின் ஒரு மூலை பெயர்ந்திருந்தது. எச்டிஎம்ஐ பக்கத்தில் நகக்கண் அகலத்துக்குக் கருகியிருந்தது. பவர் பலகையில் ஒரு கீறல்கூட இல்லை.

பழைய பொறியாளர் — அக்டோபர் 15, இரவு 9.00

மின்வழங்கல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி வீட்டில் நடந்ததை ஒரு வளையமாகக் கற்பனை செய்துகொள்ளலாம். மொட்டை மாடியில் டிஷ். அதிலிருந்து கேபிள் இறங்கி செட்டாப் பாக்ஸுக்கு வருகிறது. அங்கிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவி, டிவியிலிருந்து லேன் கேபிள் வழியாக மோடம், மோடத்தின் அடாப்டர் வழியாக வீட்டு வயரிங், வயரிங்கிலிருந்து நியூட்ரலும் எர்த்தும் மண்ணுக்கு. மழையில் நனைந்த மாடிச் சுவரும் டிஷ் நிற்கும் இரும்புக் குழாயும் மறுமுனையை மூடிவிடுகின்றன. டிவியின் பிளக்கைக் கழற்றியதால் இந்த வளையம் எங்குமே அறுபடவில்லை. டிவி இந்தப் பாதையின் நடுவில் ஒரு பாலமாகத்தான் நின்றது.

தென்னையில் இறங்கிய மின்னோட்டம் வீட்டு வயரைத் தொடவே தேவையில்லை. அது எழுப்பும் காந்தப்புலம் இந்த வளையத்தை ஊடுருவிச் சென்றாலே போதும். ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வளையத்தின் பரப்பு 30 சதுர மீட்டர் என்று வைப்போம், மாடியிலிருந்து கூடம் வழியாக அடுத்த அறை வரை அந்த அளவு எளிதில் வரும். மின்னோட்டம் ஒவ்வொரு மைக்ரோ நொடிக்கும் 30 கிலோ ஆம்பியர் என்ற வேகத்தில் ஏறினால், மின்னலில் இது வழக்கமான வேகமே, 20 மீட்டர் தொலைவிலுள்ள இந்த வளையத்தில் ஏறத்தாழ 9000 வோல்ட் தூண்டப்படுகிறது. லேன் துளைக்குள் இருக்கும் சிறு மின்மாற்றி, அதாவது நீங்கள் பார்த்த அந்தக் கருப்புப் பெட்டி, தாங்க வேண்டிய காப்பு 1500 வோல்ட்தான். மூலை பெயர்ந்ததில் வியப்பென்ன?

எனவே பிளக்கைக் கழற்றுங்கள் என்ற அறிவுரை தவறில்லை, ஆனால் அது பாதி அறிவுரை. டிஷ் கேபிள், லேன் கேபிள், எச்டிஎம்ஐ என்று ஒரு கருவிக்குள் நுழையும் எல்லாவற்றையும் கழற்றினால்தான் அது தனித்து நிற்கும். கழற்றிய முனைகளைத் துளைக்குப் பக்கத்திலேயே தொங்கவிடாமல் ஒரு சாண் தள்ளிப் போடுங்கள்.

வைகைக்கரை — அக்டோபர் 15, இரவு 9.45

ஐயா, எங்கள் வீட்டில் சென்ற ஆண்டு நடந்தது வேறு மாதிரியாக இருந்தது. காற்றும் மழையும் அடித்துக்கொண்டிருந்தபோது டியூப் லைட்டுகள் கண் கூசும்படி பிரகாசமாகி, சில நொடிகளில் இரண்டு எல்இடி பல்புகளும் மிக்ஸியும் மோட்டார் ஸ்டார்ட்டரும் போய்விட்டன. எதிர் வீட்டில் அதே நேரம் விளக்குகள் மங்கி எரிந்தன. எல்லோரும் இடி என்றுதான் சொன்னார்கள். அதுவும் இதே காரணமா?

பழைய பொறியாளர் — அக்டோபர் 15, இரவு 10.10

இல்லை அம்மா, அது இடியே இல்லை. ஒரு வீட்டில் பிரகாசம் கூடி மறு வீட்டில் மங்கினால், காற்றில் எங்கோ நியூட்ரல் கம்பி அறுந்திருக்கிறது அல்லது இணைப்பு தளர்ந்திருக்கிறது என்று பொருள். 230 வோல்ட் வர வேண்டிய இடத்தில், தெருவில் யார் வீட்டில் எவ்வளவு சுமை ஓடுகிறது என்பதைப் பொறுத்து 350, சில நேரம் 400 வோல்ட் வரைகூட வரும். மின்னல் ஒரு நொடியின் மிகச் சிறு துளிக்குள் முடிந்துவிடுகிறது. இதுவோ யாராவது மெயினை இறக்கும் வரை நிமிடக்கணக்கில் நீடிக்கும். திடீர் மின்னல் அலையை மண்ணுக்குத் திருப்பிவிடும் எஸ்பிடி என்றொரு கருவி உண்டு, அதுவும் இதைத் தடுக்காது, நீடித்த மிகை வோல்டேஜில் அதுவே சூடேறிக் கெட்டுவிடும். இதற்கென்று வோல்டேஜ் எல்லை தாண்டினால் இணைப்பைத் துண்டிக்கும் ரிலே தனியாக விற்கிறது, எம்சிபிகள் இருக்கும் டிபி பெட்டிக்குள்ளேயே பொருத்தலாம். விளக்கு அசாதாரணமாகப் பளிச்சென்று எரிந்தால் முதலில் மெயினை இறக்குங்கள். அந்த ஒரு நேரத்தில் மாம்பலத்து நண்பரின் வழி முற்றிலும் சரி.

மேற்கு மாம்பலம் — அக்டோபர் 15, இரவு 10.25

ஒரு நேரத்திலாவது சரி என்றீர்களே, மகிழ்ச்சி. இடிதாங்கி வைத்துவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாமே? கோயில் கோபுரக் கலசத்தில் வரகு கொட்டி வைத்த நம் முன்னோர்கள் அதற்காகத்தானே வைத்தார்கள்?

பழைய பொறியாளர் — அக்டோபர் 16, காலை 7.15

கலசத்தில் தானியம் வைப்பதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கலாம். உச்சியில் உலோகம் இருப்பது மட்டும் இடிதாங்கி ஆகிவிடாது, அங்கே விழும் மின்னோட்டத்தை மண்ணுக்குள் கொண்டு சேர்க்கும் தடித்த கம்பி வேண்டும். அந்தக் கம்பி இல்லாவிட்டால் மின்னோட்டம் ஈரக் கல்லுக்குள் பாய்ந்து அதையே பிளக்கும்.

முறையாக நிறுவிய இடிதாங்கி கட்டடத்தையும் உள்ளே இருப்பவர்களையும் காக்கிறது, நெருப்புப் பிடிக்காமல் பார்த்துக்கொள்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் மின்னணுப் பொருள்களுக்கு அது தனியாக ஒரு நன்மையும் செய்வதில்லை. இன்னும் சொன்னால், சுவரின் வெளிப்புறம் இறங்கும் கம்பியில் முழு மின்னோட்டமும் பாயும்போது, உள்ளே உள்ள வளையங்களுக்கு மின்னல் இருபது மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நெருங்கி வந்துவிடுகிறது. அதனால்தான் மின்னல் பாதுகாப்புக்கான ஐஎஸ் 62305 தரநிலை கட்டடத்துக்கு ஒரு பகுதியும் உள்ளிருக்கும் மின்னணு அமைப்புகளுக்கு வேறொரு பகுதியும் வைத்திருக்கிறது. முன்கூட்டியே மின்னலை இழுத்து ஊரையே காக்கும் என்று சொல்லி விலை கூட்டி விற்கப்படும் முனைகளைப் பற்றிக் கேட்பீர்கள், அந்தத் தரநிலை அவற்றுக்குச் சாதாரணக் கம்பியைவிடக் கூடுதல் பாதுகாப்பு எல்லை எதையும் தருவதில்லை.

கடையநல்லூர் வாசகன் — அக்டோபர் 16, காலை 9.30

இப்போது எனக்குப் புரிகிறது. அப்படியானால் மொட்டை மாடி டிஷ்ஷுக்கென்று வீட்டின் கிழக்குப் பக்கத்தில் ஒரு தனி எர்த் கம்பி அடித்துவிடலாமா? பக்கத்து ஊர்க் கடையில் அப்படித்தான் சொன்னார்கள். வீட்டு எர்த் குழி மேற்குப் பக்கம் இருக்கிறது.

நெல்லை வயர்மேன் — அக்டோபர் 16, பகல் 1.10

தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். தனி எர்த் அடித்து அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விட்ட இரண்டு வீடுகளில் நானே போய்ப் பொருள்களை அள்ளிப் போட்டிருக்கிறேன். ஏன் என்பதை ஐயா கணக்கோடு சொல்வார், நான் கண்டதைச் சொல்கிறேன். இரண்டு எர்த்துக்கும் இடையில் பாலமாக எது நிற்கிறதோ அது போகிறது, அநேகமாக அது செட்டாப் பாக்ஸ்தான்.

பழைய பொறியாளர் — அக்டோபர் 16, இரவு 8.40

கணக்கு எளிது. மண்ணில் இறங்கிய மின்னோட்டம் சுற்றிலும் பரவும்போது, மண் எல்லா இடத்திலும் ஒரே மின்னழுத்தத்தில் இருப்பதில்லை. குளத்தில் கல்லெறிந்தால் எழும் அலை தள்ளிப் போகப் போகத் தணிவதைப் போல அதுவும் தணிகிறது. 30 கிலோ ஆம்பியர் விழுந்து, மண்ணின் மின்தடை எண் 100 ஓம் மீட்டர் என்று கொண்டால், மரத்திலிருந்து 20 மீட்டரில் உள்ள கிழக்குக் கம்பி சுமார் 24,000 வோல்ட்டுக்கு உயரும், 30 மீட்டரில் உள்ள மேற்குக் குழி சுமார் 16,000 வோல்ட்டுக்கு உயரும். இடையில் 8000 வோல்ட் வேறுபாடு. மலையடிவாரத்துப் பாறை மண்ணில் இது பல மடங்காகும். உங்கள் டிஷ் கேபிளின் வெளிவலை ஒரு எர்த்திலும், செட்டாப் பாக்ஸின் அடாப்டர் மற்றோர் எர்த்திலும் நின்றால், அந்த வேறுபாடு முழுவதையும் செட்டாப் பாக்ஸ் தாங்க வேண்டும்.

எல்லாம் ஒன்றாக உயர்ந்து ஒன்றாகத் தாழ்ந்தால் ஒரு சேதமும் இல்லை. உயர் அழுத்தக் கம்பியில் அமரும் காக்கைக்கு ஒன்றும் ஆகாததும் இதே காரணத்தால்தான். ஆகவே மின்சாரம், டிஷ், லேன் என்று வீட்டுக்குள் வரும் எல்லா வயர்களும் கூடியவரை ஒரே பக்கத்தில், மெயின் போர்டுக்கு அருகில் நுழைந்து, அங்கே ஒரே எர்த் பட்டையில் கட்டப்பட வேண்டும். எர்த் தடை 5 ஓமுக்குள் இருப்பது நல்லதுதான், ஆனால் 2 ஓமில் இரண்டு தனித்தனி எர்த்துகள் வைத்திருப்பதைவிட 8 ஓமில் ஒரே எர்த் இருப்பதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கூரை சோலார் — அக்டோபர் 16, இரவு 9.20

மாடியில் 3 கிலோவாட் பலகை வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்துமா?

பழைய பொறியாளர் — அக்டோபர் 16, இரவு 9.30

முழுமையாகப் பொருந்தும். பலகைச் சட்டங்களை அதே எர்த்தில் இணைத்து, இன்வர்ட்டரின் டிசி பக்கத்துக்கு அதற்கென்றே செய்த எஸ்பிடி, ஏசி பக்கத்துக்கு வேறொன்று என இரண்டு போட வேண்டும். பலகையிலிருந்து வரும் பிளஸ், மைனஸ் வயர்களை அருகருகே ஒட்டி இழுங்கள், விரித்து இழுத்தால் அதுவும் ஒரு பெரிய வளையமாகிவிடும்.

கடையநல்லூர் வாசகன் — அக்டோபர் 17, காலை 7.00

எஸ்பிடியை எப்படித் தேர்ந்தெடுப்பது, எங்கே பொருத்துவது? கடையில் எனக்கு ஸ்பைக் கார்டு பொருத்திய எக்ஸ்டென்ஷன் பெட்டியைத்தான் காட்டினார்கள்.

நெல்லை வயர்மேன் — அக்டோபர் 17, இரவு 8.15

எக்ஸ்டென்ஷன் பெட்டிக்குள் இருப்பது போர்டு வைத்தியர் சொன்ன அதே நீல வில்லைதான். மெயினில் பெரியது ஒன்று இருந்தால் மிச்சம் மீதியைப் பார்த்துக்கொள்ள அது உதவும், தனியாக அதை நம்பக் கூடாது. அதைவிட முக்கியம், உங்கள் பிளக் பாயிண்டின் மூன்றாவது துளையில் எர்த் உண்மையாகவே வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் அந்த வில்லை எதையும் மண்ணுக்குத் தள்ள முடியாது.

மெயின் போர்டுக்கு டைப் 2 வகை எஸ்பிடி வாங்குங்கள். இடிதாங்கி வைத்த கட்டடமாக இருந்தால் டைப் 1 வகையும் தேவைப்படும், உங்களுக்கு இப்போது வேண்டியதில்லை. அதன் மேல் தொடர்ந்து தாங்கும் வோல்டேஜாக 275 அல்லது 320 என்று எழுதியிருக்கும். நம் ஊர் வோல்டேஜ் ஏற்ற இறக்கத்துக்கு நான் 320 போடுவேன். வீட்டுக்குத் தனி எர்த் குழி வைத்திருக்கும் நம் முறையில், ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வில்லையும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே தீப்பொறி இடைவெளியும் உள்ள ஒன்று கூட்டல் ஒன்று என்ற அமைப்பைக் கேட்டு வாங்கி, ஆர்சிசிபிக்கு முன்னால் பொருத்த வேண்டும். பின்னால் பொருத்தினால் ஒவ்வோர் இடிக்கும் ஆர்சிசிபி இறங்கிக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான வயர்மேன்கள் தவறு செய்யும் இடம் ஒன்று உண்டு, நானும் பல ஆண்டுகள் செய்திருக்கிறேன். பெட்டியில் இடமில்லை என்று எஸ்பிடியைத் தள்ளி வைத்து, வயரை அழகாக வளைத்து ஒன்றரை மீட்டருக்கு இழுத்துவிடுவோம். ஃபேஸ் பக்க வயரும் எர்த் பக்க வயரும் சேர்ந்து மொத்தமே அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

பழைய பொறியாளர் — அக்டோபர் 17, இரவு 8.50

வயர்மேன் தம்பி சொன்னதற்கு ஓர் எண் சேர்க்கிறேன். ஒரு மீட்டர் நேர் வயருக்கு ஏறத்தாழ ஒரு மைக்ரோ ஹென்றி தூண்டம், அதாவது மின்னோட்டம் சட்டென ஏறுவதை எதிர்க்கும் குணம், உண்டு. மின்னோட்டம் மைக்ரோ நொடிக்கு ஒரு கிலோ ஆம்பியர் வேகத்தில் ஏறினால், அந்த ஒரு மீட்டரிலேயே 1000 வோல்ட் எழுந்துவிடும். எஸ்பிடி 1500 வோல்ட்டில் பிடித்து நிறுத்தினாலும், வயரின் பங்கும் சேர்ந்து உங்கள் டிவிக்கு 2500 போகும்.

கடையநல்லூர் வாசகன் — நவம்பர் 6, இரவு 8.30

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்தது.

முதலில் எர்த் குழியைத் தோண்டினோம். வீடு கட்டிய ஆண்டில் போட்ட ஜிஐ கம்பி, குழாயோடு இணையும் இடத்தில் விரலால் தொட்டதும் துருத்தூளாக உதிர்ந்தது. சுருங்கச் சொன்னால், எத்தனை ஆண்டுகளாகவோ வீட்டில் எர்த்தே இல்லை. மூன்றாவது துளையைப் பார்க்கச் சொன்ன அண்ணாச்சிக்கு நன்றி. புதிதாக இரண்டரை மீட்டர் ஜிஐ குழாய் இறக்கி, எர்த் டெஸ்டர் வைத்து அளந்ததில் 4.6 ஓம் வந்தது. டிஷ் கேபிளைக் கிழக்குச் சுவரிலிருந்து எடுத்து மேற்குப் பக்கமாகச் சுற்றிக் கொண்டுவந்து, மெயின் போர்டுக்கு அருகில் அதன் வெளிவலையைச் செம்புக் கம்பியால் அதே எர்த் பட்டையில் கட்டினோம். எஸ்பிடியின் வயர்களை நானே டேப் வைத்து அளந்தேன், மொத்தம் 38 சென்டிமீட்டர். லேன் கேபிளை அடியோடு எடுத்துவிட்டேன். மோடத்தை டிவி இருக்கும் கூடத்துக்கே மாற்றியதால் வைஃபை இப்போது நிற்காமல் வருகிறது. மோடத்துக்கு வரும் கண்ணாடி இழைக் கேபிளின் உள்ளே தாங்குவதற்கென ஒரு எஃகுக் கம்பி ஓடுவதைக் கவனித்து, அதை வெளியே கம்பத்துக் கொக்கியோடு நிறுத்தி, உள்ளே வெறும் இழை மட்டும் வரும்படி செய்தோம்.

டிவியின் பிரதான பலகையை மாற்றியாகிவிட்டது. வாரண்ட்டி அட்டையில் மின்னலுக்குப் பொறுப்பில்லை என்று பொடி எழுத்தில் இருந்ததால் செலவு முழுவதும் என்னுடையது.

நேற்று மாலை மறுபடியும் இடி. மின்னல் தெரிந்த நொடியிலிருந்து ஓசை கேட்கும் வரை எண்ணினேன், ஏறத்தாழ 30 நொடிகள், அதாவது 10 கிலோமீட்டர். அந்தத் தொலைவிலேயே எழுந்து டிவி, செட்டாப் பாக்ஸ், மோடம் மூன்றின் பிளக்குகளையும் டிஷ் கேபிளையும் கழற்றிவிட்டேன். இடி தலைக்கு மேல் வந்தபின் எதையும் தொடவில்லை. காலையில் பார்த்தபோது எஸ்பிடியின் சிறு சன்னல் பச்சையாகவே இருந்தது.

நெல்லை வயர்மேன் — நவம்பர் 6, இரவு 9.05

நல்ல வேலை தம்பி. அந்தச் சன்னல் சிவப்பானால் கார்ட்ரிட்ஜை மட்டும் உருவி மாற்றினால் போதும், முழுப் பெட்டியையும் வாங்கச் சொன்னால் வாங்காதீர்கள். மழை ஓய்ந்ததும் தை மாதத்தில் எர்த் பட்டையின் திருகுகளை ஒரு தடவை முறுக்கிவிடுங்கள். கோடையில் குழிக்கு நாலு குடம் தண்ணீர் ஊற்றி, மறுபடியும் ஓமை அளந்து இங்கே எழுதுங்கள்.